மூன்றாம் பூ

நாஞ்சில் நாட்டு வயலுக்கு ஆண்டில் இரண்டு பூ. கன்னி மாதத்தில் அறுவடைக்கு வருவது கன்னிப்பூ. கும்ப மாதத்தில் வருவது கும்பப்பூ. நெல்லின் போகத்தைப் பூ என்று சொல்லும் இந்த வழக்கை எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட வாசலை மிதியாத உழவனும் அறிவான். குளச்சலில் கடலைப் பார்த்துக் குடியிருக்கிற என் போன்றவர்களுக்கு வயல் கிடையாது. ஆயினும் பூ உண்டு. இடவப்பாதி மழை ஓட்டுக்கூரையைத் தட்டத் தொடங்கிய நாள் முதல் துலாவர்ஷம் ஓய்கிற நாள் வரையில், அலமாரிக்குள் மடித்து வைத்த பட்டின் மேலும், தோற்செருப்பின் வாரிலும், புத்தகங்களின் முதுகிலும், ஆணியில் தொங்கும் குடையின் மடிப்புகளிலும், விதைப்பாரும் நீர் பாய்ச்சுவாரும் இன்றித் தானாகவே விளைந்து நிற்கும் பூசணத்தை நான் மூன்றாம் பூ என்று சொல்லுவது வழக்கம். முப்பத்தைந்து வருஷம் தமிழாசிரியனாகக் காலட்சேபம் செய்தவனுக்குச் சிலேடையில் ஒரு சபலம் இருப்பது இயற்கைதானே? என் மனைவிக்கு இந்தச் சிலேடை பிடிப்பதில்லை. “அதுக்குப் பேரு வைக்கிய நேரத்துல அலமாரியைத் திறந்து போட்டா என்ன?” என்பாள். அவள் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் செவிலியாக இருந்தவள். பெயர் வைப்பதைக் காட்டிலும் துடைத்துப் போடுவதில் நம்பிக்கை உள்ளவள்.

மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் துணியில் கரும்புள்ளியாக விழுகிற வகையை மட்டும் ‘கரிம்பன்’ என்று பிரித்துச் சொல்லுவதுண்டு. மற்றப் பூசணம் தேய்த்தால் போகும், கரிம்பன் போகாது. நான் இங்கே சொல்லப் புகுவது, என் பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியில் அடித்த கரிம்பனைப் பற்றியும், அதைப் போக்குவதாக எண்ணிக்கொண்டு நான் செய்த அனர்த்தங்களைப் பற்றியும்.

அந்த வண்டி 2016-ஆம் ஆண்டு டிசம்பரில், மஸ்கட்டிலிருந்து மகளோடும் எட்டு மாதப் பேத்தியோடும், திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கருநீல நைலான் துணி; உட்காருமிடத்தில் பஞ்சு மெத்தை; தலைக்கு மேலே விரித்து மடக்கக்கூடிய கூடாரம் போன்ற மறைப்பு; அலுமினியக் குழாய்ச் சட்டம். காலால் ஒரு கொக்கியைத் தட்டினால் குடையைப் போல மடங்கிக் கைக்குள் அடங்கிவிடும். இந்தக் குடை மடிப்பைக் கண்டுபிடித்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலக யுத்தத்தில் பேர்பெற்ற ஸ்பிட்ஃபயர் என்னும் போர்விமானத்தின் சக்கரப் பாகத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். மாஸ்கோவிலிருந்து மகள் வந்தபோது அவள் கொண்டு வந்த குழந்தை வண்டியின் கனத்தையும் உபத்திரவத்தையும் பார்த்துச் சகிக்க மாட்டாமல், விமானத்துக்குக் கற்ற வித்தையைப் பேரக் குழந்தையின் வண்டிக்குப் பிரயோகித்து, 1965-இல் மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் ஒன்றைச் செய்து காப்புரிமை பெற்றாராம். தூரதேசத்திலிருந்து வரும் மகளுக்காக ஒரு கிழவர் செய்த காரியம் என்பதனால் எனக்கு அந்த விருத்தாந்தத்தில் ஒரு தனிப் பிரீதி. அதற்கும் முன்னே, வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக, சிறு பிராணி ஒன்று இழுத்துச் செல்லும்படி முதல் குழந்தை வண்டியைச் செய்து கொடுத்தது 1733-இல். குளச்சல்காரனுக்கு எந்த வருஷத்தைச் சொன்னாலும் 1741-ஐ வைத்துத்தான் கணக்குப் போட வரும். ஆகவே, மார்த்தாண்ட வர்ம மகாராஜா எங்கள் கடற்கரையில் டச்சுக்காரரைத் தோற்கடித்து, அவர்கள் படைத்தலைவன் டிலனாயைச் சிறைப்பிடித்ததற்கு எட்டு வருஷம் முந்தியது அந்த வண்டி என்று குறித்துக்கொள்ளலாம்.

அந்த யுத்தத்தின் வெற்றித்தூண் வரைக்கும் பேத்தியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. போனேன். தார்ச்சாலை உள்ளவரையில் வண்டி ராஜகம்பீரமாகவே உருண்டது. வழியில் மீன்கூடையோடு வந்த ஒரு கிழவி நின்று பார்த்து, “பிள்ளையத் தூக்கிட்டு நடக்க உடம்புல தெம்பில்லியா சாரே?” என்று மெய்யான கரிசனத்தோடு விசாரித்தாள். கடற்கரை மணலில் சக்கரம் நான்கும் புதைந்துவிட்டன. பிள்ளையை ஒரு கையிலும் வண்டியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கிழவியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அந்த ஒரு மாதத்தில் வண்டி குழந்தையைச் சுமந்ததைவிடச் சந்தையிலிருந்து தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும் சுமந்ததே அதிகம். குழந்தை உறங்கியதெல்லாம் உத்தரத்தில் கட்டிய பழைய நூல்சேலைத் தொட்டிலில்தான்.

ஜனவரியில் அவர்கள் புறப்பட்டபோது, விமானத்தில் அனுமதிக்கும் எடையைக் கணக்குப் பார்த்து, வண்டியை விட்டுவிட்டுப் பலாப்பழ வற்றலையும் ஏத்தங்காய் உப்பேரியையும் கொண்டு போனார்கள். “கிடக்கட்டும், அடுத்ததுக்கு ஆகும்” என்றாள் என் மனைவி. மகள் நாணத்தோடு சிரித்தாள். நான் அந்த வார்த்தையைச் சிரமேற்கொண்டு, வண்டியைச் சம்ரட்சணை செய்வது என் பொறுப்பென்று வரித்துக்கொண்டேன். கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கடையில் வாங்கி, வண்டியை அதற்குள் நுழைத்து, வாயைத் திருகிக் கயிற்றினால் மூன்று சுற்றுக் கட்டி, முடிச்சின் மேல் ஒட்டும் நாடாவையும் ஒட்டி, தூசியோ பல்லியோ எறும்போ அணுக முடியாது என்ற பூரண திருப்தியுடன் பரண்மேல் ஏற்றி வைத்தேன். மெத்தையில் பால் சிந்திக் காய்ந்திருந்ததையும், பட்டைகளின் இடுக்கில் பிஸ்கோத்துத் துகள்கள் ஒட்டியிருந்ததையும் நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும், குழந்தையின் ஞாபகமாக இருக்கட்டும் என்றுகூட விட்டிருப்பேன். அப்படிப்பட்ட பேதைமை எனக்கு உண்டு.

அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. எங்கள் வீட்டுக் கூரையில் ஓடுகள் பெயர்ந்து பரணெல்லாம் நனைந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று கரையே திகைத்து நின்ற அந்த நாட்களில், பரணில் எது நனைந்தது, எது நனையவில்லை என்று பார்க்கிற மனம் யாருக்கு வரும்? பிறகு ஓடு மாற்றினோம். உறைக்குள் இருப்பது பத்திரமாக இருக்கும் என்று நான் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை.

2018 ஜூலைக் கடைசியில் மகள் இரண்டாவது பிரசவத்துக்காக வந்தாள். ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு நாள் ஏணி வைத்து உறையை இறக்கி, முன்வீட்டுத் திண்ணையில் வைத்து முடிச்சை அறுத்தேன். முதலில் வந்தது வாடை. நனைந்த சாக்கும், பழைய நோட்டுப் புத்தகமும், அடைத்து வைத்த கிணறும் சேர்ந்தால் எப்படியிருக்குமோ அப்படி. பிறகு பிளாஸ்டிக்கின் உட்புறம் முழுவதும் வியர்த்திருப்பதைக் கண்டேன். முத்து முத்தாக நீர். வண்டியை வெளியே இழுத்து மறைப்பை விரித்தபோது கருநீலம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மறைப்பின் மேற்புறத்தில் வெளுத்த சாம்பல் நிறத்தில், வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு காய்ந்தாற்போல, வட்டம் வட்டமாகப் பரந்திருந்தது ஒரு வகை. தையல் ஓரங்களில் பச்சை கலந்த வெல்வெட்டுத் துணியைப் போல மெத்தென்று எழும்பி நின்றது இன்னொரு வகை. உட்காருமிடத்திலோ, எங்கெங்கே பால் சிந்தியிருந்ததோ அங்கங்கே மட்டும், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்பு. அதன் எல்லைக்கோட்டைப் பார்த்தே, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பால்புட்டி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லிவிடலாம். என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியின் விளிம்பிலும் நூலினும் நுண்ணிய இழைகள் துணியின் நெசவுக்குள் இறங்கியிருந்தன. நான் விட்ட மூச்சில் பச்சைப் பகுதியிலிருந்து புகை போலச் சிறிது துகள் கிளம்பிற்று. என் மனைவி அலறினாள்: “ஊதாதீங்க! பிள்ளத்தாச்சி உள்ள இருக்கா.” மகளை அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவையும் சாத்தினாள்.

அந்தத் துகள்தான் பூசணத்தின் வித்து. பூக்காமலும் காய்க்காமலும் பரவுகிற ஜாதி அது. பூத்தது என்று நாம் சொல்லுவதெல்லாம் உபசார வழக்கு. காற்றில் எப்போதும் மிதந்துகொண்டேயிருக்கிற வித்துக்கள் எங்கே ஈரமும் இரையும் சேர்ந்து கிடைக்குமென்று காத்திருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நிற்குமானால் அவைகளுக்கு அதுவே போதும். கடற்கரை வீட்டில் இன்னொரு சங்கடம் உண்டு: உப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்புப் பரணியில் உப்பு தானே கசிந்து நீராவதைக் காணாத வீடு எங்கள் தெருவில் இல்லை. அலைத்துளியோடு வந்து துணியில் படிகிற உப்பும் அப்படியே காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தை வெளியே விடாமல் நான் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியும் கொடுத்தேன். வேண்டுமென்றே பூசணம் வளர்க்க நினைத்தவன்கூட இதைக் காட்டிலும் சிலாக்கியமான ஏற்பாடு செய்திருக்க மாட்டான்.

எனக்கு விளங்காமலிருந்தது ஒன்றே: நைலான் எப்படிப் பூசணம் பிடித்தது? என் இளம் பிராயத்தில் குளச்சல் கரையில் பருத்தி நூல் வலைகள் இருந்தன. கரமடி இழுத்து முடிந்ததும் வலையைக் கழுவி மணலில் விரித்து உலர்த்துவார்கள். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த துவர்ச்சாற்றில் அடிக்கடி தோய்த்தெடுப்பார்கள். தோய்க்காவிட்டால் வலை மக்கிக் கையோடு வந்துவிடும். பருத்தி என்பது நாராகிய உணவு. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு அந்தத் துவர்ப்பு ஆகாது. நைலான் வந்த பிற்பாடு இந்த வேலையெல்லாம் போயிற்று. இதை நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் திண்ணையிலமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த வயோதிக மீனவரிடம், “நைலான் மக்காது என்பார்களே, இதைப் பாரும்” என்று காட்டினேன். அவர் ஊசியை வாயில் கவ்வியபடி வந்து பார்த்தார். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, “நைலானு மக்கலியே சாரே. எங்களுக்க வலையும் மக்காது. வலையில ஒட்டுன செதிளுதான் நாறும். இது பிள்ள குடிச்ச பாலு” என்றார். விஞ்ஞானப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்லுவதை அவர் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டு வலைக்குத் திரும்பினார்.

இவ்வளவு தெரிந்த பின்பும் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாள் விடியற்காலையில், யாரும் எழுமுன்னே, கிணற்றடிக்கு வண்டியைக் கொண்டுபோய், வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து மறைப்பின் மேல் ஊற்றினேன். அந்தப் பொடியின்மேல் எனக்கு அளவுகடந்த விசுவாசம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எங்கள் ஊரையும் பக்கத்துக் கொட்டில்பாட்டையும் வாரிக்கொண்டு போன பிறகு, வாரக்கணக்காகத் தெருவிலும், கிணற்றிலும், இடிந்த சுவரோரத்திலும், புதைகுழிகளின்மீதும் வெள்ளையாகத் தூவிக் கிடந்தது அதுதான். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அப்பொழுது முகாமாக மாறியிருந்தது. வகுப்பறை வாசலில் கரும்பலகையை ஒட்டி அந்தப் பொடி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. கொள்ளைநோய் எதுவும் வந்துவிடாமல் காத்தது அந்த நெடிதான் என்று நாங்கள் நம்பினோம். மரணத்துக்கே எதிரே நின்ற பொருள், கேவலம் ஒரு கரிம்பனுக்குத் தோற்றுவிடுமா?

முதல் கால்மணியில் அது தோற்கவில்லை. சாம்பல் வட்டங்கள் கண்ணெதிரே கரைந்து மறைந்தன. நான் ஜெயகோஷம் செய்யாத குறைதான். அரைமணியில் துணியே மாறத் தொடங்கிற்று. ஊற்றிய நீர் வழிந்த வழியெல்லாம் கருநீலம் ஊதாவாகி, ஊதா செம்பழுப்பாகி, முடிவில் பழுத்த பலாவிலையின் மஞ்சளாக நின்றது. குளோரின் நைலானின் சாயத்தைத் தின்பதோடு நில்லாமல் இழையையும் பழுக்க வைத்துவிடும் என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன். அதைவிட மோசம், தையலுக்குள்ளிருந்த கறுப்பு அப்படியே இருந்தது. மேலே வெளுத்ததேயொழிய வேர் போகவில்லை.

மனிதன் ஒரு தவற்றை மறைக்க அதைவிடப் பெரிய தவறு செய்கிறான் என்பதற்கு நானே உதாரணம். பூசணத்துக்கு வினாகிரி நல்லது என்று எங்கோ படித்தது ஞாபகம் வர, மீன்கறிக்கு வைத்திருந்த புட்டியை எடுத்து வந்து, அதே வாளியில் கவிழ்க்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. “அதுக்குள்ள இதை விட்டிராதீங்க,” என்றாள் என் மனைவி, குரலை உயர்த்தாமல். ஆஸ்பத்திரியில் சில சமயங்களில் கேட்டிருக்கக்கூடிய குரல் அது. ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் புளிப்பான எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்து ஈப்ர நகரத்தருகே ஜெர்மானியர் எதிரிகளின் அகழிகளை நோக்கித் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். தாதிப் பயிற்சியின் முதல் வருஷத்திலேயே தனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றாள். பெண்ணின் பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், கிணற்றடியில் ஈப்ர யுத்தத்தைத் தொடங்கவிருந்தேன் நான். வாளி நீரை அவள் நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, வண்டியின்மேல் பத்துக் குடம் நீர் கொட்டினாள். அன்றோடு அந்த வேலை என் கையை விட்டுப் போயிற்று; நான் எடுபிடியானேன்.

அவள் அவசரப்படவில்லை. அவசரப்படவும் வழியில்லை. மலையாளக் கரை முழுவதும் வெள்ளக்காடான ஆகஸ்டு அது. எங்கள் மாவட்டத்திலும் ஆறுகள் கரைபுரண்டன. துவைத்த துணி மூன்று நாளாகியும் உலராமல் வாடையடித்தது. “நனைச்சா உணக்கணும், உணக்க வெயில் வேணும். வெயில் வரட்டும்,” என்று வண்டியைச் சாய்ப்பில், காற்றோட்டமுள்ள இடத்தில், உறையின்றி நிறுத்திவிட்டாள். பழைய காலமாக இருந்தால் வண்ணார் வீட்டுக்குப் போகும். உவர்மண் இட்டு வெள்ளாவி வைத்தால் அந்த ஆவியில் எந்தப் பூசணமும் பிழைக்காது. ஆனால் சட்டத்தோடு இணைத்துத் தைத்த துணியை வெள்ளாவிப் பானைக்குள் வைப்பது எப்படி? காத்திருந்தோம். அவ்வாண்டு திருவோணம் ஆகஸ்டு 25-இல் வந்தது. எங்கள் பக்கத்தில் ஓணவெயில் என்று ஒன்று உண்டு: கர்க்கடகத்து மூடல் விலகி, கழுவிய ஆகாசத்திலிருந்து விழுகிற பளிச்சென்ற வெயில். அது வந்த அன்று காலை எட்டு மணிக்கு அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

மகள் செல்போனில் வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள், கழற்றிய பட்டைகளைத் திரும்ப மாட்டும்போது தடுமாறாதிருக்க. எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்குக் காற்று வீசாத பக்கமாக, கிணற்றடிக்கு அப்பால் தென்னைமூட்டில் வண்டியை வைத்தோம். இருவரும் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டோம். காய்ந்த பூசணத்தைத் தேய்த்தால் வித்துப் பறக்கும் என்பதனால் முதலில் நீரைத் தெளித்து நனைத்தாள். பிறகு இளஞ்சூடான சவுக்கார நீரும் மிருதுவான தூரிகையும். மேற்புறம் எளிதில் போயிற்று. தையல்தான் பிடிவாதம் பிடித்தது. அதற்குப் பழைய பல்துலக்கும் தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு, மறைப்பின் விளிம்பில் குழாய் போலச் சுருட்டித் தைத்த இடத்தை விரலால் அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் பிடித்து, உள்மடிப்பைத் தேய்த்தாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் மையைக் கரைத்தாற்போல் கறுப்பு நீர் இறங்கிற்று. நான் குடத்தால் மெல்ல நீர் விடுவேன், அவள் நிறுத்தச் சொல்லிப் பார்ப்பாள், மறுபடியும் தேய்ப்பாள். அந்த ஒரு முழத் தையலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவுகிறபோதும் இப்படித்தான் கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கைகளின் வேலையை இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுவே முதல் தடவை.

சவுக்காரம் முற்றிலும் போகக் கழுவின பிறகுதான் வினாகிரி வந்தது. சம அளவு தண்ணீர் கலந்து, புள்ளி விழுந்த இடமெல்லாம் நனையும்படி தடவி, ஒரு மணி நேரம் நிழலில் விட்டுக் கழுவினாள். வாடை மிச்சமிருந்த இடங்களில் ஆப்பச்சோடாவைக் குழைத்துப் பூசிக் காயவிட்டுத் தட்டினாள். குழந்தையை இருத்திக் கட்டும் வார்களுக்கு மாத்திரம் சவுக்கார நீரைத் தவிர வேறொன்றையும் காட்டவில்லை. புளிப்பால் இழை தளர்ந்து, ஒரு நாள் வார் அறுந்தால் என்ன செய்வது என்பது அவள் கேள்வி. நல்ல காலம், என் ப்ளீச்சிங் பவுடர் வாரின்மேல் வழியவில்லை. கொக்கியின் பொறிக்குள் வெந்நீர் விட்டு அடைப்பை எடுத்தாள். கடற்காற்றில் வெண்புழுதி பூத்திருந்த அலுமினிய மூட்டுகளைத் துடைத்து எண்ணெய் இடும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

மூன்று நாள் வெயிலில் கிடந்தது வண்டி. உள்மடிப்பு வெளியே தெரியும்படி நேரத்துக்கு நேரம் திருப்பி வைத்தோம். சூரிய வெளிச்சத்திலுள்ள ஊதா கடந்த கதிர்கள் பூசணத்துக்கு ஆகாது என்கிறார்கள். உலர்ந்துபோவது அதைவிட ஆகாது. மூன்றாம் நாள் மாலை மனைவி மறைப்புக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மெத்தையைக் கழற்றினாள். வெளித்துணி சுத்தமாகவே இருந்தது. ஆனால் ஓரத்தைப் பிரித்துப் பிதுக்கியபோது, உள்ளேயிருந்த பஞ்சு, புளித்த ஆப்பத்தின் அடிப்புறம்போல், நடுமத்தி வரைக்கும் கறுத்திருந்தது. இன்னொரு தடவை ஊறவைத்துப் பார்க்கலாமே என்றேன். கழுவிக் காயவைத்த துணிக்குள் அப்படி ஒரு கறுப்பு ஒளிந்திருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள என் மனம் இடங்கொடுக்கவில்லை. “பிறந்த பிள்ள மூக்கு இதுமேலதான் இருக்கும்,” என்று ஒரே வாக்கியத்தில் என் வாதத்தை முடித்தாள். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் சுவாச நோய்களும் இழுப்பும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறது. அவள் அதைப் படித்தவளல்ல. வார்டில் மழைக்காலந்தோறும் இழுத்து இழுத்து மூச்சுவிட்ட குழந்தைகளை இடுப்பில் வைத்து நடந்தவள். மெத்தை குப்பைக்குப் போயிற்று. பெனிசிலினும் ஒரு பூசணத்திலிருந்து வந்ததுதான். அதை ஃபிளெமிங் கண்டது 1928-இல் அல்லவா என்று, போகிற மெத்தைக்கு ஒரு சரமகவி பாடினேன். யாரும் செவிசாய்க்கவில்லை.

செப்டம்பரில் பேரன் பிறந்தான். அவன் வண்டியில் மெத்தைக்குப் பதிலாக, முதல் பேத்திக்குத் தொட்டில் கட்டிய அதே நூல்சேலை நாலாக மடித்துக் கிடந்தது. நாள்தோறும் அதை எடுத்து அலசிக் கொடியில் போட்டுவிட்டு வேறொன்றை விரிப்பார்கள். முப்பது வருஷத்துச் சேலை. அதில் ஒரு புள்ளி கரிம்பன் இல்லை. அது ஒரு நாளாவது எங்கள் வீட்டில் பத்திரமாக இருந்ததில்லை. மறைப்பில் என் கைவரிசையாகிய மஞ்சள் தாரை மட்டும் அழியாமல் நின்றது. வந்தவர்கள் அதைப் புதுமாதிரிச் சித்திர வேலை என்று எண்ணிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

ஜனவரியில் அவர்கள் திரும்பிப் போன பின், நான் பழக்கதோஷத்தால் பிளாஸ்டிக் உறையைத் தேடினேன். அதை என் மனைவி முன்னமே கிழித்து விறகுக்கு மேல் போட்டிருந்தாள். வண்டியைத் துடைத்துத் திண்ணையில் விரித்தபடியே நிறுத்தினாள். இரண்டு வாரத்தில் வலை பொத்துகிற கிழவர் வந்து, மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், கொஞ்ச நாள் தரலாமா என்று கேட்டார். அவர் வீட்டிலிருந்து அது அடுத்த தெருவுக்குப் போயிற்று. அங்கிருந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியில் இரட்டைப் பிள்ளை பெற்றுக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு. சென்ற இடவப்பாதிக்கு முன் கடைசியாக விசாரித்தபோது, அது கொட்டில்பாட்டில் ஏதோ ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மறைப்பில் மஞ்சள் தாரை இருக்கிறதா என்று கேட்டு, நம் வண்டிதான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன்.